"வயித்துல மிக்ஸி ஓடுது சித்தி!" - ஆட்டிசம் உள்ளவர்களிடம் உடம்பு எப்படிப் பேசுகிறது?

"சித்தி, வயித்துல மிக்ஸி ஓடுது."

போன வருடம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். வீடியோ காலில் அக்கா பையன் இப்படிச் சொன்னதும் நான் சிரித்துவிட்டேன். "என்ன சட்னி அரைக்குது?" என்றுகூடக் கேட்டேன். அவன் சிரிக்கவில்லை. போனை டேபிளில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அவனுக்கு 12 வயது. ஆட்டிசம் உள்ள பையன். நன்றாகப் பேசுவான். சந்தோஷம் வந்தால் குதிப்பான், போரடித்தாலும் குதிப்பான், விளம்பரம் முடிந்து கார்ட்டூன் வந்தாலும் குதிப்பான். அவன் எத்தனை மணிக்குக் குதிப்பான் என்பது கீழ் வீட்டுக்காரர்களுக்கே அத்துப்படி.

அன்று ராத்திரி அவன் சாப்பிடவில்லை. "வாயுதான், வேறென்ன" என்று பாட்டி ஓமத் தண்ணீர் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருமுனை கிளினிக்கில் காட்டினார்கள். "வயிறு வலிக்குதா தம்பி?" என்று கேட்டதற்கு "வலிக்கல" என்றான். வாயுக்கு சிரப் எழுதிக் கொடுத்தார்கள். சாயங்காலம் காய்ச்சல் ஏறியது. ராத்திரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கேயும் அதே கேள்வி, அதே பதில். "வலிக்கல."

'வைரல் காய்ச்சலாக இருக்கலாம்' என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருக்கும்போது அக்கா குறுக்கிட்டார். "டாக்டர், இவன் காலையிலேர்ந்து ஒரு தடவைகூட குதிக்கல."

டாக்டருக்கு முதலில் புரியவில்லை. அக்கா விளக்கிச் சொன்னதும், "எங்க, ஒரே ஒரு தடவை குதிச்சுக் காட்டு" என்றார். பையன் குதிகாலைக் கொஞ்சம் தூக்கினான். அப்படியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு உட்கார்ந்துவிட்டான். உடனே ஸ்கேன். குடல்வால் வீங்கி, வெடிக்கிற நிலையில் இருந்தது. அன்று ராத்திரியே ஆபரேஷன்.

இப்போது அவன் நலம். ஆனால், எனக்கு ஒரு கேள்வி மட்டும் போகவே இல்லை. அவ்வளவு வலியை வைத்துக்கொண்டு ஒரு குழந்தை ஏன் 'வலிக்கல' என்று சொல்ல வேண்டும்? அவன் பொய் சொல்லவில்லை. பயந்தும் மறைக்கவில்லை. பின்னே? அதைத் தேடிப் படித்ததைத்தான் இந்த வாரம் உங்களோடு பகிர்கிறேன்.

ஐம்புலன் தெரியும்... இது என்ன புதுசு?

பார்ப்பது, கேட்பது, முகர்வது, சுவைப்பது, தொடுவது. ஐந்தும் வெளியே நடப்பதை நமக்குச் சொல்பவை. உடம்புக்கு உள்ளே நடப்பதைச் சொல்ல இன்னோர் ஏற்பாடு இருக்கிறது. பசி, தாகம், சிறுநீர் முட்டுவது, நெஞ்சுப் படபடப்பு, மூச்சு வாங்குவது, குமட்டல், களைப்பு, உள்வலி எல்லாம் அதன் வழியாகத்தான் நமக்குத் தெரிகின்றன. ஆங்கிலத்தில் அதன் பெயர் இன்டரோசெப்ஷன். 'உள்ளுணர்வு' என்றால் தமிழில் வேறு அர்த்தம் வந்துவிடும். எனவே இங்கே 'உள்ளுடல் உணர்வு' என்று வைத்துக்கொள்வோம்.

உடம்புக்குள்ளிருந்து வரும் சேதிகளைத் தனி வகையாகப் பிரித்துப் பெயர் வைத்தவர் சார்லஸ் ஷெரிங்டன் என்ற பிரிட்டிஷ் நரம்பியல் விஞ்ஞானி. 1906-ல் வெளியான தன் புத்தகத்தில் அவர் இதைப் பற்றி எழுதினார். 1932-ல் நோபல் பரிசு பெற்றவர்.

இதயம், குடல், நுரையீரல், சிறுநீர்ப்பை எல்லாம் நரம்புகள் வழியே மூளைக்குச் சேதி அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. மூளையின் மடிப்புகளுக்குள் ஒளிந்திருக்கும் 'இன்சுலா' என்ற பகுதி அந்தச் சேதிகளைச் சேர்த்து வாங்குவதில் முக்கியமானது. 2002-ல் ஏ.டி.கிரெய்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி இது பற்றி எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான், இந்தத் துறை மீது பலரின் கவனம் திரும்பியது.

சேதி வருவது ஒன்று. அது என்ன சேதி என்று புரிவது வேறு. அதற்கு ஒரு பெயர் சொல்லி அடுத்தவரிடம் சொல்வது இன்னொன்று. நமக்கு இந்த மூன்றும் கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்துவிடுவதால் ஒன்றாகத் தெரிகிறது. ஆட்டிசம் உள்ள பலருக்கு இதில் ஏதோ ஒரு படியில் தடங்கல் வரலாம். அக்கா பையனுக்கு சேதி வந்தது. 'மிக்ஸி ஓடுது' என்று சொல்லவும் சொன்னான். அந்த மிக்ஸிக்கு ஊரில் 'வலி' என்று பெயர் என்பதுதான் அவனுக்குத் தெரியவில்லை. அவனைப் பொறுத்தவரை வலி என்றால் முட்டியில் அடிபட்டு ரத்தம் வருவது!

நீங்களே ஒரு தடவை செய்து பாருங்கள்

மொபைலை கையில் வைத்திருக்கிறீர்கள் அல்லவா? 30 விநாடிக்கு டைமர் வையுங்கள். கை நாடியைப் பிடிக்காமல், நெஞ்சில் கை வைக்காமல், இதயம் எத்தனை தடவை துடிக்கிறது என்று உள்ளுக்குள்ளேயே எண்ணுங்கள். பிறகு நாடியைப் பிடித்து 30 விநாடி எண்ணி ஒப்பிட்டுப் பாருங்கள்.

நான் செய்து பார்த்தேன். எனக்கு வந்தது 19. நாடி சொன்னது 38. பாதி!

இந்தச் சோதனையை 1981-ல் ரெய்னர் ஷாண்ட்ரி என்ற ஜெர்மன் உளவியலாளர் ஆய்வுக்குப் பயன்படுத்தினார். குறைகளும் உண்டு. தன் நாடித்துடிப்பு தோராயமாக எவ்வளவு என்று தெரிந்தவர் ஊகித்தே சொல்லிவிடலாம். ஆனாலும் பல ஆய்வுகளுக்கு இதுதான் ஆரம்பப் புள்ளி.

பிரிட்டனின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த சாரா கார்ஃபின்கெல், ஹியூகோ கிரிட்ச்லி உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஆட்டிசம் உள்ள 20 பெரியவர்களையும், ஆட்டிசம் இல்லாத 20 பேரையும் இதேபோல இதயத்துடிப்பை எண்ணச் சொன்னார்கள். முடிவு 2016-ல் வெளியானது. ஆட்டிசம் உள்ளவர்கள் எண்ணியதில் துல்லியம் குறைவாக இருந்தது. ஆனால், 'உங்கள் உடம்புக்குள் நடப்பதை எவ்வளவு உணர்கிறீர்கள்?' என்று கேட்டபோது, மற்றவர்களைவிட அதிகமாக உணர்வதாகச் சொன்னார்கள். உடம்புக்குள் ஏதேதோ நடக்கிறது என்று தெரிகிறது. அது என்ன என்று சரியாகப் பிடிபடவில்லை. இந்த இடைவெளி யாருக்கு அதிகமோ, அவர்களுக்குப் பதற்றமும் அதிகமாக இருந்தது.

யோசித்துப் பாருங்கள். வீட்டில் எங்கோ தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்கிறது. எந்தக் குழாய் என்று தெரியவில்லை. ராத்திரி தூக்கம் வருமா?

ஒருவருக்குக் குறைவு, ஒருவருக்கு அதிகம்

ஆட்டிசம் உள்ள எல்லோருக்கும் இது ஒரே மாதிரி இருக்காது. இதைத்தான் முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

சிலருக்கு சேதி மெதுவாக வரும். மத்தியானம் முழுக்கப் பசிக்காது. 4 மணிக்குக் கை நடுங்கும்போதுதான் சாப்பிடவில்லை என்பதே தெரியும். தாகம் தெரியாது. சிறுநீர் முட்டி, கடைசி நிமிடத்தில்தான் தெரியும், ஓடுவதற்குள் நனைந்துவிடும். 10 வயதுப் பிள்ளையை 'இன்னும் ட்ரெஸ்ல போறியே, வெட்கமா இல்ல?' என்று திட்டியிருப்போம். அந்தப் பிள்ளைக்கு அது தெரியவே இல்லை என்பது நமக்குத் தெரியாது.

வேறு சிலருக்கு நேர் எதிர். இதயத்துடிப்பு காதில் கேட்கிற மாதிரி இருக்கும். வயிற்றில் சின்ன அசைவுகூடப் பெரிய விஷயமாகத் தெரியும். சாப்பிட்ட பிறகு வயிறு நிறைந்திருப்பதே பொறுக்க முடியாத உணர்வாக இருக்கும். ஒரே ஆளுக்கே பசி தெரியாமலும், படபடப்பு மட்டும் அதிகமாகத் தெரிந்தும் இருக்கலாம்.

'ஆட்டிசம் குழந்தைக்கு வலியே தெரியாதாம்' என்று சொல்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஆபத்தான பேச்சு அது. வலியை முகத்தில் காட்டும் விதம் வேறாக இருக்கலாம், சொல்லும் வார்த்தை வேறாக இருக்கலாம். அதை வைத்து வலியே இல்லை என்று முடிவு செய்யக் கூடாது. இஸ்ரேலின் டெல் அவிவ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்று 2023-ல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் மற்றவர்களைவிட வலியை அதிகமாக உணர்வதாகவே தெரியவந்தது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு மலச்சிக்கல் போன்ற வயிற்றுப் பிரச்னைகளும் மற்ற குழந்தைகளைவிட அதிகம். அந்த நேரத்தில் 'வலி தெரியாத குழந்தை' என்று நாம் விட்டுவிட்டால் என்ன ஆகும்?

வயிற்றில் புளியைக் கரைக்கும்போது...

நம் தமிழில் ஓர் அழகான விஷயம் இருக்கிறது. மனசில் நடப்பதை உடம்பை வைத்தே சொல்வோம். பயம் வந்தால் 'வயித்துல புளியைக் கரைக்குது'. பொறாமை என்றால் 'வயிறு எரியுது'. துக்கம் என்றால் 'தொண்டையை அடைக்குது'. பதற்றம் என்றால் 'கை கால் உதறுது'.

இதில் விஞ்ஞானமும் இருக்கிறது. நமக்கு வருவது பயமா, கோபமா, பசியா என்று தெரிந்துகொள்ள, மூளை உடம்புக்குள்ளிருந்து வரும் சேதியையும் சேர்த்துத்தான் பார்க்கிறது. அந்தச் சேதி குழம்பினால், 'எனக்கு இப்போ என்ன ஆகுது' என்பதும் குழம்பும். தன் உணர்வை இனம் கண்டு வார்த்தையில் சொல்ல முடியாத இந்த நிலைக்கு 'அலெக்ஸிதைமியா' என்று பெயர். பீட்டர் சிஃப்னியோஸ் என்ற மனநல மருத்துவர் 1970-களின் தொடக்கத்தில் வைத்த பெயர் இது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2019-ல் வெளியான ஓர் ஆய்வு, ஆட்டிசம் உள்ளவர்களில் சுமார் 50 சதவிகிதம் பேருக்கு இது இருப்பதாகச் சொல்கிறது. ஆட்டிசம் இல்லாதவர்களில் சுமார் 5 சதவிகிதம்.

உள்ளுடல் உணர்வில் வரும் சிக்கலுக்கு ஆட்டிசத்தைவிட இந்த அலெக்ஸிதைமியாதான் காரணம் என்று 2016-ல் லண்டன் ஆய்வாளர்கள் சிலர் வாதிட்டார்கள். விவாதம் இன்னும் முடியவில்லை. ஆனால், நம் வீட்டுக்குத் தேவையான சேதி தெளிவாகவே இருக்கிறது. கடைவீதியில் ஒரு பிள்ளை திடீரென்று கத்தி, தரையில் விழுந்து புரளும்போது நாம் 'அடம்' என்கிறோம். அந்தப் பிள்ளைக்கு ஒரு மணி நேரமாகத் தாகம், வியர்வை, சத்தம், சிறுநீர் எல்லாம் சேர்ந்துகொண்டே வந்திருக்கலாம். எது எது என்று பிரித்துச் சொல்ல முடியாமல், எல்லாம் ஒன்றாக வெடித்திருக்கலாம். பார்க்கிற நமக்குக் கடைசி நிமிடம் மட்டும்தான் தெரிகிறது.

வீட்டில் என்ன செய்யலாம்?

*கடிகாரத்தைத் துணைக்கு வையுங்கள்.* பசிக்கும் வரை, தாகம் எடுக்கும் வரை காத்திருக்க வேண்டாம். சாப்பாடு, தண்ணீர், பாத்ரூம் மூன்றுக்கும் நேரம் வைத்துப் பழக்குங்கள். பெரியவர்கள் மொபைல் அலாரம் வைத்துக்கொள்ளலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

*'வலிக்குதா?' என்று மட்டும் கேட்காதீர்கள்.* 'வயிறு கல்லு மாதிரி இருக்கா, பஞ்சு மாதிரி இருக்கா? சூடா இருக்கா, குத்துதா, சுத்துதா?' என்று தேர்ந்தெடுக்கும்படி கேளுங்கள். பேச வராத பிள்ளைக்கு ஓர் உடம்புப் படம் வரைந்து கொடுத்து, விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பதில் சொல்ல நேரமும் கொடுங்கள்.

*உங்கள் உடம்பைப் பற்றி சத்தமாகப் பேசுங்கள்.* 'அம்மாவுக்கு வயிறு கடமுடங்குது, பசிக்குது போல. சாப்பிடப் போறேன்.' உடம்பில் என்ன நடக்கிறது, அதற்குப் பெயர் என்ன, அதற்கு என்ன செய்வது என்ற மூன்றும் ஒரே வாக்கியத்தில் பிள்ளைக்குக் கிடைத்துவிடும்.

*விளையாட்டாகக் கவனிக்கப் பழக்குங்கள்.* குளிர்ந்த தண்ணீரில் கை வைத்து 'விரல் எப்படி இருக்கு?' என்று கேட்கலாம். மாடிப்படி ஏறி இறங்கி, நெஞ்சில் கை வைத்துப் பார்க்கலாம். அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் கெல்லி மாலர் இதற்கென்றே ஒரு பாடத்திட்டம் உருவாக்கியிருக்கிறார். ஆஸ்திரேலியாவின் தெற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தில் அரசுப் பள்ளிகளிலேயே இப்படிப் பழகுவதற்குத் தனி அறைகள் இருக்கின்றன. ஆனால், ஏற்கெனவே உடம்பின் ஒவ்வோர் அசைவையும் அதிகமாக உணர்ந்து பயப்படுபவரை 'இன்னும் கவனி' என்று வற்புறுத்தக் கூடாது. அவருக்கு எது சரி என்று தெரபிஸ்ட்டிடம் கேட்டுச் செய்யுங்கள்.

*ஒரு நோட்டுப் போடுங்கள்.* பிள்ளை தன் உடம்பைப் பற்றிச் சொல்லும் சொந்த வார்த்தைகளை எழுதி வையுங்கள். சாதாரண நாளில் எவ்வளவு சாப்பிடும், எப்படித் தூங்கும், எதைத் திரும்பத் திரும்பச் செய்யும் என்பதையும் எழுதுங்கள். அது திடீரென்று மாறினால் உடம்பைப் பாருங்கள். காது, பல், வயிறு, மலச்சிக்கல் என்று வரிசையாக டாக்டரிடம் பார்க்கச் சொல்லுங்கள். 'இவ வலியைச் சொல்ல மாட்டா, வழக்கமா இப்படி இருப்பா, இன்னைக்கு இப்படி இருக்கா' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அக்கா சொன்ன ஒரே ஒரு வாக்கியம்தான் அன்று ஸ்கேன் வரைக்கும் கொண்டுபோனது.

பெரியவர்களுக்கும் வழி உண்டு

பிரிட்டனில் அதே ஆய்வாளர்கள் ஆட்டிசம் உள்ள 121 பெரியவர்களிடம் ஒரு பயிற்சியைச் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு இதயத்துடிப்பைக் கவனித்து எண்ணும் பயிற்சி. எண்ணியது சரியா, தப்பா என்று அவ்வப்போது சொல்லிக்கொண்டே வந்தார்கள். மற்றவர்களுக்குக் குரலில் இருக்கும் உணர்ச்சியைக் கண்டுபிடிக்கும் பயிற்சி. ஆளுக்கு 6 அமர்வுகள். 3 மாதம் கழித்துப் பார்த்தபோது, இதயத்துடிப்புப் பயிற்சி எடுத்தவர்களில் 31 சதவிகிதம் பேர் பதற்றக் கோளாறிலிருந்து மீண்டிருந்தார்கள். மற்ற குழுவில் 16 சதவிகிதம். 2021-ல் வெளியான முடிவு இது. எல்லோருக்கும் பலன் தரும் மந்திரம் இல்லை. ஆனால், உடம்பின் சேதியைப் படிக்க வளர்ந்த பிறகும் கற்றுக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையைத் தருகிறது.

நம் ஊரில் உதவி தேடுபவர்கள் மாவட்டத் தலைநகர்களில் உள்ள அரசின் தொடக்கநிலை இடையீட்டு மையங்களை அணுகலாம். சென்னை அருகே முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகள் உள்ளவர்களுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டைப் பார்க்கும்போது, 'பசி, தாகம், வலி இதெல்லாம் இவனுக்கு எப்படித் தெரியுது?' என்று நீங்களாகவே கேளுங்கள். எழுத்து, பேச்சு, உட்காரும் பழக்கம் என்று நாம் கவலைப்படும் பட்டியலில் இந்தக் கேள்வி பெரும்பாலும் இருப்பதே இல்லை.

அக்கா வீட்டிலும் இப்போது ஒரு நோட்டு இருக்கிறது. முதல் பக்கத்தில் முதல் வரி: 'மிக்ஸி = வயித்து வலி. உடனே பார்க்கணும்.' அதற்குக் கீழே வரிசையாக, 'எறும்பு = கால் மரத்துப் போச்சு', 'பலூன் = மோஷன் வரலை', 'டிவி புள்ளி = தலை சுத்துது'. 'பசி' என்பதற்கு நேராக மட்டும் ரொம்ப நாள் காலியாகவே இருந்தது.

போன மாதம் திருச்சிக்குப் போயிருந்தேன். ராத்திரி ஷிப்ட் முடித்து நேராக பஸ் ஏறியவள், சோபாவில் அப்படியே சாய்ந்துவிட்டேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டான். "சித்தி, உனக்கு உள்ள என்ன ஓடுது?"

சட்டென்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. யோசித்துப் பார்த்த பிறகுதான், முந்தின நாள் மத்தியானத்துக்கு அப்புறம் நான் எதுவும் சாப்பிடவில்லை என்பதே ஞாபகம் வந்தது. "உள்ள காலியா இருக்குடா. லேசா கிள்ளுது" என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் தன் வயிற்றில் கை வைத்துப் பார்த்தான். எழுந்து போய் அந்த நோட்டை எடுத்துவந்து, காலியாக இருந்த இடத்தில் எழுதினான்.

'கிள்ளுது = பசி. எனக்கும்.'

பிறகு அடுப்படியைப் பார்த்துக் கத்தினான். "அம்மா, ரெண்டு பேருக்கு தோசை!"